உட்கார்ந்தபடியே மேடேறியவர்

மேட்டில் சைக்கிள் மிதிக்கிற எவரும் எழும்பி நின்றுதான் மிதிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, உடம்பே செய்துவிடும். ரோடு நிமிர நிமிர இடுப்பு சீட்டை விட்டுக் கிளம்பும், கைகள் ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கும், முழு எடையும் பெடலில் இறங்கும். நானும் அப்படித்தான் ஏறுவேன். ஏறுவேன் என்ன ஏறுவேன், பாதியிலேயே இறங்கித் தள்ளுவேன். சுவர் மாதிரி நிமிர்ந்த ரோட்டில், பின்னால் தகரப் பாண் பெட்டியையும் கட்டிக்கொண்டு, விருந்து வீட்டில் நாற்காலி கொடுத்து உட்கார வைத்த ஆளைப் போல உட்கார்ந்தே ஏறிய ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் மனைவி என்னைச் சும்மா விடமாட்டார். மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளை பேக்கரியிலிருந்து சாயங்காலப் பாணை மலைக்குமேல் கொண்டுபோகிறவர். எல்லோருக்கும் பாண்காரர், எனக்குப் பாண்கார அண்ணன். மேலுடம்பு ஒரு பையனுடையது போல ஒல்லி. கீழே தொடை இரண்டும் யாரோ வேறு ஆளிடம் கடன் வாங்கிய மாதிரி இருக்கும். கழுத்தில் ஒரு துவாய். வாயில் எப்போதும் வெற்றிலை, ஆனால் மேடு தொடங்கும் இடத்தில் துப்பிவிடுவார். துப்பிய பிறகு மேலே போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். பாம்பு குறுக்கே போனாலும் அதுதான் ஒதுங்க வேண்டும்.

உக்குவளையிலிருந்து எல்கடுவைப் பக்கம் ஏறுகிற ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். தெரியாதவர்கள் ஒருமுறை அந்தப் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், முன் கண்ணாடியில் ரோடு தெரியாது, வானம்தான் தெரியும். கொக்கோவும் ரப்பரும் கீழே நின்றுவிடும், பிறகு தேயிலை. அந்தத் தேயிலைக்கு நடுவில், ஏற்றம் ஆக மோசமான ஒரு வளைவில், ரோட்டைப் பார்த்தபடி ஒரு வீடு. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் வீடு. அதன் விறாந்தையில் ஒரு சாய்வு நாற்காலி. ஆபீஸ் முடிந்து வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் அதில் சாய்கிற நேரமும், சாயங்காலப் பாண் அந்த வளைவுக்கு வருகிற நேரமும் ஒன்று.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் எதுவும் புரியாது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் துரை பங்களாவுக்கு முன்னால் குடையை மடக்க வேண்டும், செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். சுதந்திரம் வந்தது, வெள்ளைத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள், புதிதாக வந்த துரைக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. ஆனால் பெரிய கிளாக்கர் ஐயா அந்தப் பழக்கத்தைத் தூக்கித் தன் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டார். அது தோட்டத்து ரோடு கூட இல்லை, அரசாங்க ரோடு. அதைச் சொல்ல யாருக்குத் தைரியம்? வேலைப் பதிவில் பேரை வெட்டினால், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வளைவில் யாராக இருந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். மரியாதைக்காக இல்லை, மேட்டுக்காக. போலீஸ்காரர் இறங்குவார், தபால்காரர் இறங்குவார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கூட வேர்த்து ஊற்ற இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். கிளாக்கர் ஐயா ஒவ்வொருவருக்கும் நாற்காலியில் இருந்தபடியே தலையை லேசாக ஆட்டுவார், வணக்கத்தை ஏற்றுக்கொண்டேன் என்கிற மாதிரி. நான் முதல்தடவை அந்த மேட்டில் தோற்று இறங்கிய நாளில் எனக்கும் ஆட்டினார். அதோடு விட்டாரா? “நல்ல பிள்ளை, ஆற்றை மகன்?” என்று யாழ்ப்பாணத் தமிழில் நான் யாருடைய மகன் என்றும் விசாரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த சமயம் அது. சைக்கிள் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. மாத்தளைக் கடைகளில் எந்தச் சைக்கிளின் பின் பல்சக்கரம் எத்தனை அகலம் என்று பார்த்துக்கொண்டே திரிகிற ஆள் நான். என் கால் தோற்றதை ஒருவர் தனக்குச் செய்த மரியாதையாக வரவு வைத்துக்கொண்டால் சும்மா இருக்க முடியுமா?

திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் சங்கிலி முனகும் சத்தம் கேட்டது. பாண் பெட்டி. துவாய். உட்கார்ந்தபடி ஒரு மனிதர். நேர் கோடாக, வளையாமல், அவசரப்படாமல். முகம் மட்டும் இடது பக்கம் திரும்பி விறாந்தையைப் பார்த்தபடி. கிளாக்கர் ஐயாவின் தலை ஆட்டம் நின்றது. கோப்பையை வைத்தார், எழுந்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான். நான் அன்றிலிருந்து அந்த மனிதரின் பின்னால் போக ஆரம்பித்தேன்.

மேலே கடைச் சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. பாண் அங்கேதான் இறங்கும். நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மூச்சு இரைக்க நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“அண்ணே, எழும்பி மிதிச்சா லேசா இருக்குமே, ஏன் ஒக்காந்தே வர்றீங்க?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ அந்த வீட்டு முன்னால எழும்பி மிதிச்சியா?”

“ஆமா.”

“அப்ப நீ அவருக்கு எழும்பி நின்னுட்ட.”

நானா கடைக்குள்ளிருந்து சிரித்தார். “இந்த மனிசனோட பேசி வெல்ல ஏலாது மகன். எழும்பினா மரியாதையாம், எறங்கினா மரியாதையாம். மௌத்தானாலும் சீட்டுலதான் மௌத்தாவாராம்.”

“சிரிங்க நானா, சிரிங்க” என்றார் அண்ணன். “ஒங்களுக்கு என்ன, நீங்க மேட்டுக்கு மேலயே பொறந்துட்டீங்க.”

அவருடைய கதையை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. சொன்னது அவர் மனைவி. உக்குவளையில் கொக்கோ ஸ்டோரில் வேலை செய்கிறவர். வாய் நின்றால் கை நின்றுவிடும் என்பது போலப் பேசிக்கொண்டே விதை பொறுக்குவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

“அவருக்கு நான் வாக்கப்பட்டு ஒரு வாரம் கூட ஆகல தம்பி. எங்க மாமா சீரா ஒரு பழைய சைக்கிள் குடுத்திருந்தாரு. அந்தத் தோட்டத்துலதான் அப்ப இருந்தோம், மேல் லயத்துல. மாத்தளைக்குப் படம் பாக்கப் போவோம்னு என்னையப் பின்னால வச்சுக்கிட்டு எறக்கத்துல வர்றாரு. தலை நெறையப் பூவு எனக்கு. கிளாக்கரு வெளியில நிக்கிறாரு. ‘டேய், இறங்கடா’ன்னு ஒரு சத்தம். எறங்கினாரு. விட்டாரா? ‘பொம்பிளையை வைச்சுக்கொண்டு சவாரி கேக்குதோ? தூக்கடா சைக்கிளை, தலையிலை வை’ங்கிறாரு.”

“வச்சாரா?”

“வைக்காம? தலையில வச்சுக்கிட்டு அந்த வீட்டத் தாண்டி நடக்குறாரு. புதுச் சட்டையெல்லாம் கிரீஸு. சக்கரம் மேல தானா சுத்துது. அவரு ஒவ்வொரு அடி வைக்கையிலயும் அந்த மணி இருக்கே, அது கிணிங், கிணிங்னு தன்னால அடிக்குது.” அக்கா விதையைக் கீழே போட்டார். “நான் சிரிச்சுட்டேன் தம்பி. பயத்துல ஒரு சிரிப்பு வருமே, அது. அதே நேரம் கிளாக்கரும் சிரிச்சாரு. ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச மாதிரி ஆயிருச்சு. என்னைய அவரு ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. அந்த மணியக் கழட்டி ஆத்துல போட்டாரு, பேர வெட்டச் சொல்லிட்டு டவுனுக்கு வந்துட்டாரு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அக்கா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மூத்த மகள் பெரிய பிள்ளையாகும் வரைக்கும் நடந்ததை இரண்டு வரியில் சொல்லலாம். பேக்கரியில் மாவு பிசைய வேலை கொடுத்தார்கள், இவர் மலைக்குப் பாண் கொண்டுபோகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அந்த மேட்டில் மிதித்துப் பார்த்தார், தோற்றார், இறங்கினார், கிளாக்கர் ஐயாவின் தலை ஆட்டத்தைப் பெற்றுக்கொண்டார். தலையில் சைக்கிளை வைத்த ஆளுக்கே தலையை ஆட்டுவது என்றால் பாருங்கள்! அது யாரென்று கூட அவருக்கு ஞாபகமில்லை. அண்ணனுக்கு அதுதான் ஆகப் பெரிய நெருப்பு.

எனக்குத் திட்டத்துக்குப் பஞ்சமில்லை. “அண்ணே, மேட்டுல ஏன் கஷ்டப்படணும்? எறக்கத்துல அந்த வீட்டு முன்னால காத்தாப் பறந்து போங்க. யாரு எறக்கப் போறா ஒங்கள?” என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு அது மகா புத்திசாலித்தனமான யோசனையாகத் தோன்றியது.

“எறக்கத்துல போறது ஓடிப் போறது தம்பி. கோழி திருடினவனும் அப்படித்தான் போவான். ஏத்தத்துலதான் மெதுவாப் போகலாம். அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே போகலாம்.”

பிறகு அந்தப் பல்சக்கரம். நான் மாத்தளையில் தேடிப் பிடித்த ஒரு பெரிய பின் சக்கரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். போட்டால் மேடு பாதி மேடாகிவிடும். அவர் அதைக் கையில் வாங்கி, பல்லைத் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். அவருக்கு வேண்டாமாம். அவரைத் தலையில் சைக்கிளைச் சுமக்க வைத்த நாளில் அதில் இருந்தது பழைய சின்னச் சக்கரம்தானாம். அதாலேயே ஏற வேண்டுமாம். இந்தக் கணக்கு உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு அப்போது புரியவில்லை. சக்கரத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் கோணல் கோணலாக ஏறிப் பழகினாராம். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பின்னலிட்டுக்கொண்டே. அப்படி ஏறினால் மேடு பாதி குறையும், எல்லா ஊரிலும் சைக்கிள்காரர்கள் செய்வதுதான். ஆனால் கிளாக்கர் வீட்டு முன்னால் அதைச் செய்தபோது விறாந்தையிலிருந்து, “கள்ளுத் தவறணையிலை இருந்தே வாறாய்?” என்று ஒரு குரல். அன்றோடு கோணலை விட்டார். பிறகு நேராக, ஆனால் எழும்பி நின்று. பிறகு நேராக, உட்கார்ந்து. உட்கார்ந்து முதல் தடவை வளைவைத் தாண்டிய நாளில் கிளாக்கர் ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை! நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அன்று மேலே வந்து பிளேன்டீயைக் குடிக்காமல் அழுதாராம் இந்த மனிதர்.

அடுத்த நாளிலிருந்து மேடு தொடங்கும்போதே ஒரு பாட்டை வாய் திறக்காமல் மூக்காலேயே இழுத்துக்கொண்டு வந்தார். கிளாக்கர் நிமிர்ந்தார். பார்த்தார். இரண்டு பேருடைய கண்ணும் சந்தித்தது ஒரு நொடி. அதற்குப் பிறகுதான் நான் பார்த்த அந்தக் காட்சி, கோப்பையை வைப்பது, எழுவது, கதவைச் சாத்துவது. பல வருஷம் சாய்ந்த நாற்காலியை ஒரு பாண்காரர் காலால் மிதித்து மிதித்தே காலி பண்ணிவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் அண்ணனுக்குத் திருப்தியில்லை.

“முதுகத்தான் காட்டிட்டுப் போறாரு. அது எனக்கு எதுக்கு? எனக்கு மொகம் வேணும். நான் சீட்டுல ஒக்காந்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு, உள்ள போக வழியில்லாம நிக்கிற மொகம்.”

சித்திரை வருஷப்பிறப்புக்கு உக்குவளையில் சைக்கிள் ரேஸ். நான் அவரைக் கேட்காமலே அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன். ரேஸில் ஒரு மேடு இருந்தது, அதில் அவரை அடிக்க மாத்தளை மாவட்டத்தில் ஆளில்லை என்று எல்லோரிடமும் பந்தயம் பேசிவிட்டு, நம்பர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விசில் அடித்தது. ஆள் இல்லை. ரேஸ் முடிந்து யாரோ கப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கொதித்துப் போய் மலைக்கு ஓடினால், அந்த வளைவில் அண்ணன்! பாண் பெட்டி கூட இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார், இறக்கத்தில் திரும்பிப் போனார், மறுபடி ஏறினார்.

“வருஷப்பிறப்பு லீவு தம்பி. ஐயா முழு நாளும் வீட்டுல இருப்பாரு. எப்படியும் ஒரு தரமாவது வெளிய வரணும்ல?”

“அண்ணே, கப்பு அண்ணே! வெள்ளிக் கப்பு!”

“அந்தக் கப்புல அவரு மொகம் தெரியுமா?”

நான் நம்பர் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பாணுக்குத் தட்டுப்பாடு வந்த வருஷத்தில் நடந்ததை மட்டும் விடமுடியாது, ஏனென்றால் நினைத்தால் இப்போதும் எனக்கு இனிக்கிறது. மாவு இல்லை, விடியுமுன்னமே பேக்கரி வாசலில் கியூ. மலைக்குப் போவது பாதிப் பெட்டி. சூடான பாண் வாசனை கிளாக்கர் வீட்டு வாசலைத் தாண்டி ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்தபடியே மேலே போகும். ஒருநாள் வேலைக்காரப் பெண் ரோட்டுக்கு ஓடிவந்து கையை நீட்டினாள். “பாண்காரரே, நில்லுங்க, ஐயாவுக்கு ஒரு றாத்தல் பாண் வேணுமாம்.” அண்ணன் நிற்கவில்லை. நின்றால் இறங்க வேண்டும். அடுத்த நாளும் கை நீண்டது, அதற்கடுத்த நாளும். நானா கடையில் பாண் இருக்கிறது, மேலே வந்து வாங்கச் சொல் என்று நான்தான் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அந்த மேட்டை ஏறி வந்து வாங்கிப் போகத் தொடங்கினாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிளாக்கர் ஐயா வாயில் போகும் பாண் ஆறிப் போயிருக்கும் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஒரு நாள் எனக்கே பயமாகிவிட்டது. மழை நாள். வளைவில் தாரெல்லாம் பாசி. பின் சக்கரம் வழுக்கி அண்ணன் விழுந்தார், கிளாக்கர் வீட்டு வாசலுக்கு நேரே. பெட்டி திறந்து பாணெல்லாம் தண்ணீரில் உருண்டது. முழங்கால் கிழிந்து எலும்பு தெரிந்தது. கிளாக்கர் ஐயாவின் மனைவி குடையைக் கூடப் பிடிக்காமல் ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். நல்ல அம்மா அவர்.

“ஐயோ தம்பி, இஞ்சை உள்ளுக்கு வாங்கோ, காலெல்லாம் ரத்தம். கொஞ்சம் தண்ணி எண்டாலும் குடியுங்கோ.”

அண்ணன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளை நிமிர்த்தினார், திரும்பினார், இறக்கத்தில் கீழே போனார். மேடு தொடங்கும் இடத்தில் நின்று, துவாயைக் கிழித்து முழங்காலில் கட்டிக்கொண்டு, வெறும் பெட்டியோடு மறுபடி ஏறினார். கட்டிய துணி ஒவ்வொரு மிதிக்கும் சிவந்துகொண்டே வந்தது. நான் மழையில் நின்று, “போதும் அண்ணே, போதும்” என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. வளைவைத் தாண்டினார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது, அவ்வளவுதான். அக்கா அன்று அவரை அடிக்காத குறை. “அந்த ஆளு செத்தாத்தான் நீ எனக்குப் புருஷன்” என்று கத்தினார். அண்ணன் காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே, “சாகக் கூடாது, சாகக் கூடாது. அவரு சாகாம இருக்கணும்” என்றார். அவ்வளவு அக்கறையோடு ஒருவருடைய ஆயுளுக்கு வேண்டிக்கொண்டவரை நான் வேறு கண்டதில்லை.

பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு வயதும் முடிந்திருந்தது. கண்டியில் மகளிடம் போகிறாராம், லொறி பேசியாயிற்றாம் என்று வேலைக்காரப் பெண் என்னிடம் சொன்னாள். நான் பறந்து போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கூடக் கேட்கவில்லை. “போயிட்டா?” என்றார். “அப்ப நான் யாருக்கு?” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கிளாக்கர் ஐயா புறப்பட்ட நாள் சாயங்காலம் நான் வளைவுக்கு வந்தபோது லொறி அங்கேயே நின்றது. கண்டிக்கு மலையைத் தாண்டித்தான் குறுக்கு வழி, ஆகவே அது மேலே ஏற வேண்டும். அலுமாரி, கட்டில், தையல் மெசின், கோழிக்கூடு, விறகு கூட விடாமல் ஏற்றியிருந்தார்கள். முன் சீட்டில் அந்த அம்மா சாமிப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் கோட்டுப் போட்டு, குடையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, கிளாக்கர் ஐயா. வழியனுப்ப வந்த லயத்து ஆட்கள் ஓரமாக நின்றார்கள். நான் இறங்கிவிட்டேன், வழக்கம் போல. அண்ணன் இன்னும் கீழே வந்துகொண்டிருந்தார்.

லொறி உறுமியது. ஒரு முழம் நகர்ந்தது, நின்றது, பின்னால் சறுக்கியது. கிளீனர் பையன் பாய்ந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டான். மறுபடி உறுமல், மறுபடி சறுக்கல். சிங்கள டிரைவர் வெளியே எட்டிப் பாரத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

“பர வெடி. மாத்தயா, பஹின்ன.”

பாரம் அதிகம், ஐயா இறங்குங்க. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் லயத்து ஆட்கள் அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வளைவில் அந்த வார்த்தையை யார் யாரிடம் சொல்வது வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிளாக்கர் ஐயா இறங்கினார். லொறி இந்தத் தடவை நகர்ந்தது. ஒருமுறை நகர்ந்தால் உச்சி வரும்வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கதை முடிந்தது. ஆகவே அது போய்க்கொண்டே இருந்தது. அவர் குடையை ஊன்றி நடந்தார். லயத்து ஆட்கள் பக்கத்தில் வரவில்லை. நடந்து வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது சங்கிலி முனகும் சத்தம்.

அண்ணன் வந்தார். உட்கார்ந்தபடி. கிளாக்கர் ஐயாவின் பக்கத்தில் வந்ததும் வேகத்தை அவருடைய நடைக்குக் குறைத்தார். மேட்டில் வேகமாகப் போவதுதான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள், விழாமல் மெதுவாகப் போவது அதைவிடப் பயங்கரம். இரண்டு பேரும் ஒன்றாக ஏறினார்கள், ஒருவர் நடந்து, ஒருவர் உட்கார்ந்து. கிளாக்கர் ஐயா நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தார், அந்த நடை வேகத்தில் திரும்பினால் விழுந்துவிடுவார் என்பதால் அண்ணனும் முன் சக்கரத்தையே பார்த்தார். உள்ளே போக வீடு இல்லை, சாத்தக் கதவு இல்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே, இருவர் முகமும் பக்கவாட்டில் தெரிய ஓரமாக, கை எட்டும் தூரத்தில் போனேன்.

உச்சிக்கு முன்னால் கடைசி நிமிர்வு. கிளாக்கர் ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. குடை நழுவி விழுந்தது. கால் பின்னிக்கொண்டது. விழப்போனவர் எட்டிக் கையில் கிடைத்ததைப் பிடித்தார். பாண் பெட்டிக்குக் கீழே கேரியர் கம்பி.

சைக்கிள் ஒரு கணம் நின்றே போனது. அண்ணனின் இடுப்பு சீட்டை விட்டுக் கிளம்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு விரற்கடை. உடம்பு தானாகச் செய்கிற வேலைதானே? ஐயோ, எழும்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பல்லைக் கடித்துத் தன்னைத் தானே அழுத்தி மறுபடி உட்கார வைத்தார். கழுத்து நரம்பு கயிறாக நின்றது. சக்கரம் சுற்றியது. பாணையும் பெரிய கிளாக்கரையும் சேர்த்து இழுத்தார்.

மேட்டில் வாயே திறக்காத மனிதர் அப்போது திறந்தார். திரும்பாமலே, ரொம்ப மரியாதையாக.

“ஐயா... எறங்கணுமா?”

கிளாக்கர் ஐயாவின் உதடு காய்ந்திருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

“வேண்டாம்” என்றார். “இறங்காதை.”

உச்சியில் லொறி காத்து நின்றது. அவர் கையை எடுத்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், ஏறினார். நான் எடுத்துவந்த குடையை ஜன்னலால் நீட்டினேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையும் ஆட்டவில்லை. லொறி கண்டிப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

அண்ணன் நானா கடையில் பெட்டியை இறக்கி வைத்தார். கால் இரண்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. நான் குதித்தேன். “இறங்காதைன்னு சொல்லிட்டாரே அண்ணே! அவரு வாயாலயே!” நானா பிளேன்டீயோடு இரண்டு வடையையும் வைத்துவிட்டு, “அல்லாவே, இனியாவது இந்த மனிசன் சும்மா இருப்பாரா?” என்றார்.

அண்ணன் கோப்பையைத் தொடவில்லை. என்னையே பார்த்தார்.

“தம்பி, நான் மொகத்தப் பாக்கல.”

“என்னண்ணே?”

“அவரு பின்னால தொங்கினாரு. நான் முன்னால பாத்துத்தானே மிதிக்கணும்? திரும்பினா விழுந்துருப்பேன்.” அவர் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. “இத்தன வருஷம்... நான் பாக்கவே இல்ல தம்பி. நீ பின்னாலதானே வந்த? நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“எங்க பாத்துக்கிட்டிருந்தாரு?”

நான் யோசிக்கவே தேவையில்லை. கேரியரைப் பிடித்துக் குனிந்து வருகிறவருக்கு வேறு எது தெரியும்?

“ஒங்க சீட்டைத்தாண்ணே. கண்ணெடுக்காம. வேற எங்கயும் பாக்கல.”

“சீட்டையா?”

“சீட்டைத்தான். நீங்க ஒரு விரலு எழும்பி மறுபடி ஒக்காந்தீங்களே, அதையும் பாத்தாரு. வாய் தெறந்திருந்துச்சு. கண்ணுல தண்ணி.”

அண்ணன் பெஞ்சில் சாய்ந்தார். கண்ணை மூடினார். தொடைகளின் நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. வெற்றிலையை எடுத்து மடித்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“மொதல்ல இருந்து சொல்லு தம்பி” என்றார். “மெதுவாச் சொல்லு.”